இரண்டாம் தாரத்துப் பிள்ளை சட்டப்படியான வாரிசு ஆவாரா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. மூத்த தாரம் உயிரோடு இருக்கும்போதே, 1980களில், உங்கள் அப்பா கோயிலில் தாலி கட்டி உங்கள் அம்மாவை அழைத்து வந்தார். நீங்களும் உங்கள் தம்பியும் அந்த அம்மாவின் பிள்ளைகள். மூத்த அம்மாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். அப்பா சென்ற ஆண்டு காலமானார். அண்ணன் வாங்கி வைத்திருக்கும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் இருவர் பெயரும் இல்லை. போய்க் கேட்டதற்கு, “நீங்க சட்டப்படி பொறந்தவங்களே இல்ல, அப்புறம் என்ன பங்கு?” என்று சொல்லிவிட்டார். “நான் சட்டப்படியான பிள்ளையா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறீர்கள்.

ஒரே வார்த்தையில் என்றால்: ஆம், நீங்கள் சட்டப்படியான பிள்ளைதான். அண்ணன் சொல்வது தவறு. ஆனால் இந்த ‘ஆம்’ கையில் வந்ததும் நிலத்தில் சமபங்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சிவில் வழக்குகளில் பல வருடங்களாக இந்த மாதிரிக் குடும்பங்களைப் பார்த்துவருகிறேன். பெரும்பாலான சண்டைகள் நீள்வதற்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். அந்தக் கல்யாணம் செல்லுமா? அதில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளையா? அந்தப் பிள்ளைக்கு எந்தச் சொத்தில் எவ்வளவு? ஊரில் இவை மூன்றும் ஒரே பேச்சு. கல்யாணம் சரியில்லை என்றால் பிள்ளையும் சரியில்லை, பங்கும் கிடையாது. சட்டத்தில் அப்படி இல்லை. உங்கள் விஷயத்தில் முதல் கேள்விக்குப் பதில் ‘செல்லாது’, இரண்டாவதற்கு ‘ஆம்’, மூன்றாவதற்கு ‘சொத்தைப் பொறுத்தது’.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, திருமணத்தின்போது இருவரில் யாருக்கும் உயிரோடு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது என்கிறது. மீறினால் 11ஆவது பிரிவின்படி அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மூத்த மனைவி சம்மதித்தார், கூடவே நின்று தாலி எடுத்துக் கொடுத்தார் என்றெல்லாம் சொல்வார்கள். அதனால் எதுவும் மாறாது. பிற்பாடு அவர் காலமானாலும் பழைய திருமணம் தானாக உயிர்பெறாது. ஆனால் அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே என்கிறது. தொடக்கத்தில் இந்தப் பிரிவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திருமணம் செல்லாது என்று யாராவது நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கியிருந்தால்தான் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு. யாரும் வழக்குப் போடாமல் தகப்பன் இறந்துபோனால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். 1976இல் வந்த திருத்தம் அதை அடைத்தது. இப்போது தீர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை முறையான பிள்ளைதான். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆனால் 16ஆவது பிரிவுக்குள் வர, ஒரு திருமணம் நடந்திருக்க வேண்டும். செல்லாத திருமணமாக இருக்கலாம், திருமணமே இல்லாமல் இருக்கக் கூடாது. வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முதல் மனைவி உயிரோடு இருக்க மறுமணம் செய்வது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 494ஆவது பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 82, ஏழு ஆண்டுவரை சிறை. அந்த வழக்கில் சடங்கு முறைப்படி நடந்ததைக் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1965லேயே சொல்லிவிட்டது. அதனால் மாட்டிக்கொண்ட ஆண்கள் காலங்காலமாகச் சொல்வது ஒன்றுதான்: “தாலியெல்லாம் கட்டலைங்க, சும்மா சேர்ந்து இருந்தோம்.” தன் தலை தப்பிக்கச் சொல்லும் அந்த வாக்குமூலம், இருபது வருடம் கழித்து அவருடைய பிள்ளைகளுக்கு எதிராகவே சான்றாவணமாக வந்து நிற்கும். கல்யாணமே நடக்கவில்லை என்றால் 16ஆவது பிரிவு எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்கும். உங்கள் அப்பா மீது மூத்த அம்மா எப்போதாவது போலீசில் மனுக் கொடுத்திருந்தால், அதில் அப்பா என்ன எழுதிக் கொடுத்தார் என்பதை முதலில் தேடுங்கள்.

திருமணம் நடந்ததை எப்படிக் காட்டுவது? கோயில் ரசீது, பதிவேட்டு நகல், போட்டோ, நேரில் பார்த்தவர்களின் சாட்சி. அக்கினி வளர்த்து ஏழடி எடுத்து வைத்த ஆதாரம் தமிழ்நாட்டில் தேவையில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் நமக்கென்று 7ஏ என்ற பிரிவு இருக்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். வீட்டில் கிடக்கும் காகிதங்களைக் குப்பை என்று நினைக்காதீர்கள். ஒரு வழக்கில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு காதணி விழா அழைப்பிதழ். மஞ்சள் அட்டை, ஓரத்தில் குங்குமக் கறை, அச்சகத்தின் பெயர் கீழே பொடி எழுத்தில். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே தகப்பனார் பெயரும் இரண்டாம் தாரத்தின் பெயரும் ஒரே வரியில். அதற்கடுத்த வரியில் பெரியப்பா, சித்தப்பா பெயர்களெல்லாம் இருந்தன. வழக்கில் “இவர்கள் யாரென்றே தெரியாது” என்று எதிருரை போட்டிருந்தவரின் தகப்பனாரும் அதில் ஒருவர். மொய் நோட்டும் கூடவே இருந்தது. குடும்பத்தார் ஒருவரை உறவாக நடத்திவந்தது, அந்த உறவைக் காட்டும் சான்றாகச் சட்டத்தில் ஏற்கப்படுகிறது. குற்ற வழக்கில் திருமணத்தை நிரூபிக்க அது மட்டும் போதாது, சொத்து வழக்கில் நல்ல எடை உண்டு.

முறையான பிள்ளை என்பது பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும் குணம் போல ஊரில் பேசுகிறார்கள். அது சட்டமன்றம் ஒரு வரியில் மாற்றக்கூடிய நிலை என்பதற்கு நம் மாநிலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன் ஓர் இந்து ஆண் இரண்டாவதாக முறைப்படி மணந்தால் அந்தத் திருமணமும் செல்லும், பிள்ளைகளும் எந்தக் குறையுமில்லாத பிள்ளைகள். ஆக, இன்று “எங்க தாத்தாவுக்கும் ரெண்டு பொண்டாட்டிதானே, அவங்க பிள்ளைங்களுக்குச் சமமா கொடுத்தாங்களே” என்று வாதாடுகிறவர்கள் ஆண்டைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். சுயமரியாதைத் திருமணங்களின் கதை இன்னும் கூர்மையானது. புரோகிதர் இல்லாமல், சடங்கில்லாமல் ஆயிரக்கணக்கானோர் மணந்துகொண்டார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்குகள் இல்லாத அப்படியொரு திருமணம் செல்லாது என்றது. ஊரறிய வாழ்ந்த தம்பதிகளின் பிள்ளைகள் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றியதுதான் நான் மேலே சொன்ன 7ஏ. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே எழுதப்பட்டது. பிள்ளைகளிடத்தில் எதுவும் மாறவில்லை, சட்டத்தில் மட்டும்தான் மாறியது.

இனி உங்கள் அண்ணனுக்கு உண்மையில் கவலையான இடத்துக்கு வருவோம். 16ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனுடைய சொத்தில் மட்டுமே உரிமை, வேறு யாருடைய சொத்திலும் இல்லை. அப்பா சம்பாதித்ததில் பங்கு உண்டு என்பதில் பெரிய தகராறு இருந்ததில்லை. பூர்வீகச் சொத்தில்தான் தகராறு. 2003, 2006, 2010 ஆண்டுகளின் தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம், பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் இப்பிள்ளைகள் கேட்க முடியாது என்றது. 2011இல் ரேவணசித்தப்பா வழக்கை விசாரித்த இரு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பெற்றோரின் உறவு எப்படியிருந்தாலும் அதில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். 2023 செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நடுவழியான தீர்ப்பு. பிறப்பால் கூட்டுக் குடும்பத்தில் பங்காளி, அதாவது பிறந்ததாலேயே அந்தச் சொத்தில் பங்குள்ளவர், ஆக முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போது பாகம் கேட்க முடியாது. ஆனால் அப்பா இறப்பதற்குச் சற்றுமுன் பாகம் பிரித்திருந்தால் அவருக்கு என்ன வந்திருக்குமோ, அது அவருடைய சொத்து. அதில் உங்களுக்குப் பங்கு உண்டு.

உங்கள் குடும்பத்தையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஆறு ஏக்கர் பூர்வீக நிலம், உயில் எதுவும் இல்லை, அப்பாவின் தாயாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கூட்டுக் குடும்பத்தில் பங்காளிகள் மூன்று பேர்: அப்பா, மூத்த அம்மாவின் மகன், மகள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் மகளும் சம பங்காளி. நம் பக்கத்து வழக்கில் இந்தக் கட்டத்தில் மனைவிக்குத் தனிப் பங்கு போடுவதில்லை. ஆளுக்கு இரண்டு ஏக்கர். அப்பாவின் இரண்டு ஏக்கர் மட்டும் அவருடைய முதல் நிலை வாரிசுகளுக்குச் சமமாக இறங்கும்: மூத்த அம்மா, அவருடைய மகன், மகள், நீங்கள், உங்கள் தம்பி. ஐந்து பேர், ஆளுக்கு நாற்பது சென்ட். ஆக அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், மூத்த அம்மாவுக்கு நாற்பது சென்ட், உங்கள் இருவருக்கும் ஆளுக்கு நாற்பது சென்ட். அண்ணன் ‘ஒன்றுமில்லை’ என்கிறார், நீங்கள் ‘சமபங்கு’ எதிர்பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் இடையில்தான் சட்டம் நிற்கிறது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் இந்த முதல் கட்டமே கிடையாது. முழுச் சொத்தும் அந்த ஐந்து பேருக்குச் சமம்.

அதனால் ‘பூர்வீகம்’ என்று யார் சொன்னாலும் அப்படியே தலையாட்டாதீர்கள். தாத்தா காலத்துச் சொத்தெல்லாம் ஊர்ப்பேச்சில் பூர்வீகம்தான். சட்டத்தில் அது வேறு. தாத்தா தன் உழைப்பில் வாங்கிய நிலம், அவர் உயில் எழுதாமல் 1956க்குப் பின் இறந்து, வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி உங்கள் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. அண்ணனுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 1986இலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலை இது. என் அனுபவத்தில், பூர்வீகம் என்று ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிய வழக்குகளில் பல, மூலப்பத்திரத்தைப் புரட்டியதும் இந்த வகையாகத்தான் முடிந்தன. அப்படியானால் உங்கள் நாற்பது சென்ட், ஒரு ஏக்கர் இருபது சென்ட் ஆகிவிடும். வில்லங்கம் போட்டுப் பாருங்கள், தாத்தா பெயரில் இருக்கும் கிரயப் பத்திரத்தின் நகலை எடுங்கள், பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதும் உண்டா என்று தேடுங்கள். பட்டாவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனிச் சொல்வதில் காகிதம் பார்க்காமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அப்பா கோயிலில் தாலி கட்டும் முன், மூத்த அம்மாவை ஊர்ப் பஞ்சாயத்தில் ‘அத்துவிட்டாச்சு’ என்று யாராவது சொன்னதுண்டா? முத்திரைத்தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தார்களா? வெறும் முத்திரைத்தாள் விவாகரத்து ஆகாது. ஆனால் உங்கள் சமூகத்தில் நீண்ட காலமாக விடாமல் இருந்துவரும் வழக்கம் அது என்று நிரூபித்தால், இந்துத் திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு அந்த வழக்கத்தைக் காப்பாற்றுகிறது. அப்போது எல்லாம் தலைகீழ்: உங்கள் அம்மாவின் திருமணம் செல்லும், நீங்கள் முழுப் பங்காளிகள், மூத்த அம்மா மனைவி என்ற முறையில் வாரிசு இல்லை. நிரூபிப்பது கடினம். பெரும்பாலோர் தோற்கிறார்கள். இன்னொன்று, தாத்தாவுக்கு முன்பே அப்பா இறந்திருந்தால் தாத்தா சொத்தில் நேராகக் கேட்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். ‘பெற்றோர் சொத்து மட்டும்’ என்ற வாசகம் அதற்குக் குறுக்கே நிற்கிறது, உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நான் சொன்னதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டம், வேறு கணக்கு.

“டிஎன்ஏ டெஸ்ட் எடுப்போம்” என்று அண்ணன் மிரட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டவுடன் உத்தரவிட நீதிமன்றம் ஆய்வகம் அல்ல. வலுவான முகாந்திரம் இல்லாமல் அப்படிச் சோதிக்கக் கூடாது என்று 1993 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. உங்கள் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் தகப்பனார் பெயர் இருக்கும்போது, மறுப்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். ரத்தமும் முறைமையும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் மறுபக்கத்திலிருந்தும் காட்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தன் உண்மையான தகப்பன் வேறொருவர் என்று சொல்லி ஓர் இளைஞர் ஜீவனாம்சம் கேட்டார். அவர் பிறந்தபோது தாயும் கணவரும் ஒன்றாக வாழ்ந்தார்கள், ஆகவே சட்டத்தின் கண்ணில் கணவரே தகப்பன் என்று சொல்லிச் சோதனைக்கு மறுத்துவிட்டது உச்ச நீதிமன்றம். செல்லுபடியாகும் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாட்சியச் சட்டம் தரும் இந்த அனுமானம் உங்களுக்கு நேரடியாகக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் காகிதங்களைத் தேடச் சொல்கிறேன்.

வாரிசுச் சான்றிதழ் விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல. தாசில்தார் கொடுக்கும் அந்தக் காகிதம் யாருக்கும் சொத்துரிமை கொடுப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை. விஏஓ விசாரணையில் உங்கள் பெயரை மறைத்து வாங்கியிருந்தால், ரத்து செய்து திருத்தித் தரும்படி ஆதாரங்களோடு மனுக் கொடுங்கள். தகராறு இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று பதில் வரலாம். வந்தாலும் அந்த மனு பதிவில் இருப்பது நல்லது. பட்டா மாறுதலுக்கு ஆட்சேப மனுவை உடனே போடுங்கள். அப்பா அரசு ஊழியர் என்றால் பணிக்கொடை முதலிய பணப்பலன்களிலும் பிள்ளைகளான உங்களுக்குப் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டு ராமேஸ்வரி தேவி வழக்கில், இரண்டாவது மனைவிக்கு இல்லை, அவருடைய பிள்ளைகளுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கருணை அடிப்படை வேலைக்கும், இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்பதற்காக மட்டும் ஒதுக்கக் கூடாது என்று 2018இல் சொல்லியிருக்கிறது.

கருமாதியில் உங்கள் தம்பிக்கு உருமால் கட்டவில்லை, கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் பெயர் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வழக்குப் போட முடியாது. பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு வாங்கிய பின்னும், பத்திரிகையில் ‘மகள்’ என்று ஒரு வரி போடச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் போடவில்லை. வழக்கு உங்களுக்கு நாற்பது சென்ட் வாங்கித் தரலாம், இதை வாங்கித் தராது. இதை எதிர்பார்த்து வழக்குக்குப் போகிறவர்கள் ஜெயித்த பின்னும் ஏமாந்து நிற்பதைப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் எங்குமே பங்கு இல்லாத ஒரே ஆள் உங்கள் அம்மா. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியும், மனைவி என்ற முறையில் அவருக்கு அப்பா சொத்தில் ஒரு சென்ட்கூட வராது. இப்போது அவர் இருக்கும் வீடு யார் பெயரில் என்று நீங்கள் சொல்லவில்லை. அப்பா பெயரில் என்றால், அண்ணனோடு சமரசம் பேசும்போது நிலத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாவது, அந்த வீடு உங்கள் பங்கில் வரும்படி கேளுங்கள். அது முடியாவிட்டால், அம்மா ஆயுள்வரை அங்கே குடியிருக்கும் உரிமையையாவது பத்திரத்தில் தனி வாசகமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சாக விடவே விடாதீர்கள்.